காயம்பட்ட கோழியைத் தேற்றுவது எப்படி? வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் நாய் கவ்விய கோழிக்கு ஒரே தீர்ப்புதான்: "இது தேறாதுப்பா, அறுத்துடு." முதுகுத் தோல் கிழிந்து சதை தெரியும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட கோழிகளில் நிறைய தேறக்கூடியவை. கோழித் தோல் மெல்லியது, சதையோடு இறுக ஒட்டாமல் தளர்வாக இருக்கும். அதனால்தான் ஒரு இழுப்புக்கே உள்ளங்கை அகலம் கிழிந்துவிடுகிறது. அதே தோலைச் சுத்தமாகவும் ஈரப்பதம் போகாமலும் வைத்திருந்தால் ஓரங்களிலிருந்து வளர்ந்து வந்து தானே மூடிக்கொள்ளும். பெரும்பாலான காயங்களுக்குத் தையலே வேண்டாம்.

காயம்பட்ட கோழி முதல் சில மணி நேரத்தில் செத்தால் அதிர்ச்சியும் ரத்த இழப்பும்தான் காரணமாக இருக்கும். அதைத் தாண்டிய கோழியை ஈ மொய்த்துப் புழு வைத்தோ, கூட்டத்தில் இருக்கும் மற்ற கோழிகள் கொத்தியோ சாகடிக்கும். இந்த மூன்றும் நம்மால் தடுக்கக்கூடியவை. கீழே சொல்லியிருக்கும் வரிசையே அதற்காகத்தான். காயத்தைப் பார்த்த பதற்றத்தில் முதலில் மருந்தைத் தேடி ஓட வேண்டாம், மருந்து ஐந்தாவது வேலை.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

நாய் துரத்துவது ஞாயிற்றுக்கிழமை மதியமாக இருக்கும், மெடிக்கல் ஷாப் பூட்டியிருக்கும். அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இவற்றைப் போட்டு வையுங்கள்: நார்மல் சலைன் பாட்டில், ஊசியோடு 20 மில்லி சிரிஞ்ச், காஸ் துணி, மைக்ரோபோர் பிளாஸ்திரி, போவிடோன் அயோடின் கரைசலும் ஆயின்மென்ட்டும், சில்வர் சல்ஃபாடயசின் கிரீம் (தீக்காயத்துக்குப் போடுவார்களே, அதே வெள்ளை கிரீம்), முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாமணம், கையுறை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒரு பழைய துண்டு. கால்நடை மருந்துக் கடையில் ஈ விரட்டும் மூலிகை ஸ்ப்ரே கிடைக்கும், அதையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு ஒரு நல்ல நாட்டுக்கோழியின் விலையைவிடக் குறைவு.

சலைன் இல்லையென்றால் நாமே செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தூள் உப்பு ஒன்பது கிராம், அதாவது டீஸ்பூனில் மட்டமாக வழித்து ஒன்றரை ஸ்பூன் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்தால் போதும். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள்.

படி 1: பிடிப்பதும் ரத்தத்தை நிறுத்துவதும்

அடிபட்ட கோழியைத் துரத்திப் பிடிக்காதீர்கள். ஓட ஓட ரத்தம் அதிகமாகப் போகும், அதிர்ச்சியும் கூடும். மூலைக்கு ஒதுக்கி, துண்டை மேலே போட்டு, இரண்டு றெக்கையும் உடம்போடு சேர்கிற மாதிரி அணைத்துத் தூக்குங்கள். துண்டின் ஒரு ஓரத்தால் கண்ணை மூடிவிட்டால் பாதிக் கோழி அப்போதே அடங்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்சுக்கூடு ஏறி இறங்கினால்தான் மூச்சே. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கைக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் பாலூட்டிகளைத் தாக்கும் நோய், கோழி மூலமாக நமக்கு வரும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் நாயின் எச்சில் இறகில் ஈரமாக இருக்கும். உங்கள் கையில் கீறல் இருந்து அதில் எச்சில் பட்டாலோ, கோழியைப் பிடுங்கும்போது நாய் உங்களையே கடித்துவிட்டாலோ, கோழியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுக் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இதில் தாமதமே கூடாது.

ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியையோ காஸையோ வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஊறும். ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் ஏறக்குறைய 100 மில்லி ரத்தம் இருக்கும். அதில் 15 மில்லி, ஒரு மேசைக்கரண்டி அளவு, போனால் கோழி தாங்கிக்கொள்ளும். வெள்ளைக் கோழியின் இறகில் அவ்வளவு ரத்தம் படிந்தாலே பார்க்கப் பயங்கரமாக இருக்கும். இறகைப் பார்த்து முடிவு செய்யாமல் கொண்டையின் நிறத்தைப் பாருங்கள். கொண்டை சிவப்பாக இருந்து கோழி திமிறினால் நம்பிக்கை உண்டு. கொண்டை வெளுத்து, கால் சில்லிட்டு, தலை தொங்கினால் அது அதிர்ச்சி.

நகமோ அலகு நுனியோ உடைந்து ரத்தம் வந்தால் மஞ்சள் தூளையோ சோள மாவையோ கிள்ளி வைத்து அழுத்தலாம். அதே மஞ்சளை ஆழமான கிழிசலுக்குள் கொட்டக் கூடாது. உள்ளே கட்டிபட்டு அழுக்கோடு அழுக்காக நின்றுவிடும், கழுவி எடுப்பது பெரும்பாடு. வளர்ந்துகொண்டிருக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும், அது முறிந்தாலும் நிறைய ரத்தம் வரும். அதற்கும் மாவும் அழுத்தமும்தான்.

படி 2: இருட்டு, அமைதி, தண்ணீர்

ரத்தம் நின்றதும் உடனே கழுவ உட்கார வேண்டாம். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணியை விரித்து, கோழியை வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். இதுவே ஒரு சிகிச்சைதான். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயம்பட்ட கோழிக்குச் சூடு கொடுக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். மார்கழி, தை மாத இரவுகளில் அது சரி. பெட்டியின் ஒரு பக்கமாக 40 வாட் குண்டு பல்பைப் பாதுகாப்பான தூரத்தில் தொங்கவிடலாம், வேண்டாமென்றால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். ஆனால் வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பல்பு போட்டால் கோழி வெந்துவிடும். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். ஓட்டு வீடோ, கூரைக் கொட்டாயோ, வேப்பமர நிழலோ, எது குளிர்ச்சியோ அங்கே வையுங்கள். ஷீட் கூரைக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். குடிக்கவில்லையென்றால் அலகின் நுனியை மட்டும் தொட்டு நனைத்துவிடுங்கள், தானாக விழுங்கும். வாயைப் பிளந்து சிரிஞ்சால் பீய்ச்சாதீர்கள். நாக்கின் அடியை ஒட்டியே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது, தண்ணீர் அதற்குள் போனால் அதுவே உயிருக்கு ஆபத்து.

படி 3: எல்லாக் காயத்தையும் தேடிப் பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிழிசலுக்கு மருந்து போட்டுவிட்டு, தெரியாத நான்கை விட்டுவிடுகிறார்கள். ஒடுகத்தூர் பக்கத்தில் உறவுக்கார அக்கா ஒருவரின் பொட்டைக் கோழியை நாய் கவ்வியது. முதுகில் ஒரு கிழிசல், ஓரம் சுருண்டு கிடந்தது. அக்கா அதற்கு மஞ்சள் வைத்து முடித்துவிட்டிருந்தார். "அக்கா, றெக்கையத் தூக்குங்க" என்று சொல்லி, அடி இறகை வாயால் ஊதி விலக்கிப் பார்த்தால், றெக்கைக்கடியில் சதைப்பற்றான இடத்தில் மிளகு அளவில் இரண்டு ஓட்டை. சுற்றிலும் தோல் கன்றிப்போயிருந்தது. நாயின் மேல் பல் முதுகைக் கிழித்தபோது கீழ்ப் பல் அங்கே இறங்கியிருக்கிறது. முதுகுக் கிழிசல் பார்க்கப் பயங்கரம், ஆனால் கோழியைக் கொன்றிருக்கக்கூடியது இந்த ஓட்டைதான். மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும்.

அதனால் நல்ல வெளிச்சத்தில், கழுத்தில் தொடங்கி வால் வரை, இறகை எதிர்ப்பக்கமாக ஊதி ஊதிப் பாருங்கள். றெக்கைக்கடி, தொடை இடுக்கு, மலவாயைச் சுற்றி, நெஞ்சு எலும்பின் இரண்டு பக்கம், ஒன்றையும் விடாதீர்கள். ஒரு பக்கம் பல் பட்டிருந்தால் எதிர்ப்பக்கம் கட்டாயம் தேடுங்கள். பூனை, கீரி, மரநாய் கடித்தால் கழுத்திலும் தலையிலும் ஊசி குத்தியது போல் சின்ன ஓட்டைகள் இருக்கும். பருந்தும் வல்லூறும் நகம் பாய்ச்சினால் முதுகில்.

பார்க்கும்போதே மூன்றைக் கவனியுங்கள். காயம் வழியாகத் தின்ற தீனியோ குடித்த தண்ணீரோ ஒழுகினால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. காயத்தில் நுரை வந்தாலோ, தோலுக்கடியில் காற்றுப் புகுந்து உப்பி, தொட்டால் நறநறவென்றாலோ காற்றுப்பை (நுரையீரலோடு சேர்ந்த மூச்சுப் பை) ஓட்டையாகியிருக்கிறது. குடல் தெரிந்தால் சொல்லவே வேண்டாம். இந்த மூன்றுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. ஈரமான சுத்தத் துணியால் மூடிக் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

படி 4: கழுவுவது

காயத்தைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு இறகைக் கத்தரியுங்கள். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மெல்லிய தோல் இன்னும் கிழியும், வலியும் அதிகம். முதலில் சலைனால் இறகை நனைத்துவிட்டுக் கத்தரித்தால் வெட்டிய துண்டுகள் காயத்துக்குள் விழாது.

அப்புறம் 20 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான சலைனை எடுத்து, ஊசியோடு, ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பீய்ச்சுங்கள். ஊசி முனை கோழியைத் தொடக் கூடாது. அந்த அழுத்தத்தில்தான் மண்ணும் எச்சிலும் கிருமியும் கிளம்பும். பஞ்சால் துடைத்தால் கிளம்பாது, பஞ்சு இழைதான் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற தண்ணீர் தெளிவாகும் வரை பீய்ச்சுங்கள். பெரிய கிழிசலுக்கு அரை லிட்டர்கூட ஆகும், சிக்கனம் பார்க்காதீர்கள். என் கணக்கில் எந்த மருந்தையும்விட இந்தக் கழுவல்தான் கோழியைக் காப்பாற்றுகிறது. நெஞ்சிலும் விலாவிலும் உள்ள ஆழமான ஓட்டைக்குள் மட்டும் அழுத்திப் பீய்ச்ச வேண்டாம், உள்ளே காற்றுப்பைக்குப் போய்விடும். அங்கே மேலாகக் கழுவினால் போதும்.

கடைசியாகப் போவிடோன் அயோடினை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு சலைன் கலந்து, பாலில்லாத லைட் டீயின் நிறத்தில், ஒரு முறை ஊற்றுங்கள். கலக்காமல் ஊற்றினால் புதிதாக வளர வேண்டிய சதையையும் சேர்த்துச் சுடும்.

காய்ந்து சுருண்டு கறுத்த தோல் துண்டு தொங்கினால் கத்தரித்துவிடலாம். வெளிர் சிவப்பாக ஈரமாக இருக்கும் தோலை வெட்டாதீர்கள். அதைத் தட்டையாக நீவி, பழைய இடத்தில் போர்த்திவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் லாபம், ஒட்டாவிட்டாலும் அடியில் இருக்கும் சதைக்குச் சில நாள் அது போர்வை.

படி 5: என்ன தடவலாம், எது கூடாது

சில்வர் சல்ஃபாடயசின் கிரீமோ போவிடோன் ஆயின்மென்ட்டோ மெல்லிய பூச்சாகக் காயத்தின் மேல் மட்டும் தடவுங்கள். கலப்படமில்லாத தேன் கிடைத்தால் அதுவும் மிக நல்ல மருந்து. ஜவ்வாது மலையிலிருந்து வரும் தேன் கிடைக்கிறவர்களுக்கு இது சுலபம். ஆனால் தேனுக்கு எறும்பு வரும், காஸ் வைத்துக் கட்டு போட முடிகிற காயத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எதையும் இறகில் அப்பாதீர்கள். பிசுக்குப் பிடித்த இறகு வெயிலையும் குளிரையும் தாங்காது.

மரபு மருத்துவத்தில், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் இவற்றை அரைத்து நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சும் புண் மருந்தை மாடுகளின் கால் புண்ணுக்குப் போட்டு நம் பக்கத்தில் நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். கோழிக்கும் ஆறிவரும் காயத்தின் மேல் துளித் துளியாகப் போடலாம். முதல் நாள் திறந்த ரத்தக் காயத்துக்கு வேண்டாம், எண்ணெய் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கூடாதவை: மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, ஸ்பிரிட், கலக்காத டெட்டால். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து நல்லது என்று நினைத்துத் தினமும் ஊற்றுகிறார்கள். அது ஆறுகிற சதையையும் அரிக்கும், வேண்டாம். வீட்டில் கிடக்கும் தோல் கிரீமை எடுத்துத் தடவும் பழக்கம் நிறைய வீட்டில் உண்டு. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பறவைகளுக்கு ஸ்டீராய்டு தோல் வழியாகவே உள்ளே ஏறி எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். டியூபில் 'பீட்டாமெத்தசோன்', 'க்ளோபெட்டசால்' என்றிருந்தால் தொடாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் போன்ற 'கெய்ன்' மருந்துகளும் கோழிக்கு ஆபத்து. நீல மருந்து என்கிற ஜென்ஷன் வயலட் கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் கோழிக்கு வேண்டாம்.

கட்டு? காலுக்கும் றெக்கை நுனிக்கும் போடலாம். முதுகுக்கும் நெஞ்சுக்கும் சுற்றிக் கட்டினால் மூச்சு பிடிக்கும், வெயிலில் உள்ளே புழுங்கிப் புண் அழுகும். தனியறையில், சுத்தமான துணியின் மேல், ஈ புகாமல் வலை போட்டு வைத்தால் முதுகுக் காயம் திறந்தே ஆறும். பல் பட்ட காயத்தைத் தைக்கவே கூடாது, கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். கம்பியோ தகரமோ கிழித்த சுத்தமான வெட்டாக இருந்து, சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் தைப்பார். ஃபெவிகுவிக் ஒட்டும் வேலையெல்லாம் வேண்டாம்.

ஈயும் புழுவும்

மாம்பழ சீசனிலும், மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களிலும் ஈ நம் பக்கத்தில் சொல்லி மாளாது. திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரித்துவிடும். அதனால் முதல் ஒரு வாரம் காலையும் மாலையும் காயத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஈ முட்டை இறகின் அடியில் நொய் அரிசி ஒட்டிய மாதிரி வெள்ளையாக, கொத்தாக இருக்கும். காயத்தை மட்டும் பார்த்தால் போதாது. எச்சம் ஒட்டிய மலவாய்ப் பகுதியிலும் ஈ முட்டையிடும், அங்கே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துவட்டிவிடுங்கள். ஈ விரட்டும் ஸ்ப்ரேயைக் காயத்தின் ஓரத்தில், கண்ணையும் வாயையும் மறைத்துக்கொண்டு அடியுங்கள்.

புழு வைத்துவிட்டதா? மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைனைக் கோழிக்கு ஊற்றாதீர்கள். சுடும், உடம்புக்குள்ளும் ஏறும். கற்பூர எண்ணெயும் கோழி கொத்தி விழுங்கினால் நஞ்சு. வெதுவெதுப்பான சலைனைப் பீய்ச்சினால் புழு மூச்சுக்கு மேலே வரும், அப்போது சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். பொறுமை வேண்டிய வேலை. இன்றைக்கு எல்லாம் எடுத்தாயிற்று என்று தோன்றினாலும் நாளைக்கும் மறுநாளும் மறுபடி பார்க்க வேண்டும், மறைந்திருந்தவை வளர்ந்து வெளியே வரும். புழு ஆழத்தில் குடைந்திருந்தால் மருத்துவரிடம் போங்கள், ஊசி மருந்து உண்டு.

வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்

நாமே கணக்குப் போட்டு மனிதர் மாத்திரையில் கால் பங்கு, அரைக்கால் பங்கு கொடுப்பது வேண்டாம். அதிலும் டைக்ளோஃபினாக் கூடவே கூடாது. பறவைகளின் சிறுநீரகத்தை அது அழிக்கும். மாட்டு உடலில் தங்கிய இந்த மருந்தால்தான் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். கோழிக்கு வலி குறைய மருத்துவர் பெரும்பாலும் மெலாக்சிகம் எழுதுவார், அளவு எடையைப் பொறுத்தது.

பூனை, நாய், கீரி கடித்திருந்தால் காயம் சின்னதாக இருந்தாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளிலேயே கோழியைக் கொன்றுவிடும். மேலோட்டமான கிழிசலுக்கு, நன்றாகக் கழுவியிருந்தால், பெரும்பாலும் வேண்டியதில்லை. மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் தின்கிற முட்டை அது.

ஆறும் நாட்களில் எது சரி, எது சரியில்லை

இரண்டாம் மூன்றாம் நாளில் காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறும். அழுகிவிட்டதென்று பயந்து அந்தக் கட்டத்தில் கோழியை அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. அது அழுகல் கிடையாது. நமக்கு ரத்தம் கன்றினால் நீலமாகி மஞ்சளாகும், பறவைகளுக்குப் பச்சையாகும். அவற்றின் உடம்பில் ரத்தம் சிதையும்போது உண்டாகும் பச்சை நிறமி அதற்கு மேல் மஞ்சளாக மாறாது, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் மறைந்துவிடும்.

அழுகலை மூக்குதான் கண்டுபிடிக்கும். ஆறும் காயத்துக்கு நாற்றம் இருக்காது. தினமும் முகர்ந்து பாருங்கள். கூடவே, கோழியின் சீழ் நமக்கு வருவது போல் ஒழுகாது. மஞ்சளாக, கெட்டியாக, உதிரியாக இருக்கும். தானாக வெளியே வராது. ஒரு இடத்தில் கட்டியாகத் தெரிந்தால் மருத்துவர் கீறி எடுக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் தினமும் இரண்டு முறை சலைன் கழுவல், மெல்லிய பூச்சு. நான்காம் நாளிலிருந்து ஒரு முறை. காயத்தின் அடியில் சிவப்பாக, பொடிப் பொடியாகப் புதுச் சதை எழும்பிவிட்டால் கழுவுவதைக் குறைத்து, காய்ந்து வெடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருக்கு கட்டினால் பிய்க்காதீர்கள். உள்ளங்கை அகலக் காயம் மூட மூன்றிலிருந்து ஐந்து வாரம் ஆகும். தழும்பு விழுந்த இடத்தில் இறகு முளைக்காமல் போகலாம், கோழிக்கு அதனால் குறையொன்றுமில்லை.

தீனி முக்கியம். புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும். வேகவைத்த முட்டையை மசித்து, கம்பு, கேழ்வரகு, நொய்யோடு பிசைந்து கொடுங்கள். கிராமத்தில் குஞ்சுக்குப் பிடித்துப் போடும் கரையான் இந்த நேரத்தில் பெரிய கோழிக்கும் அருமையான தீனி. முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து கலந்தால் வைட்டமின் ஏ கிடைக்கும். கடலைப் புண்ணாக்கு நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பூஞ்சை பிடித்த வாசனை லேசாக வந்தாலும் தூக்கிப் போடுங்கள், ஈரலைக் கெடுக்கும்.

தனியாகக் கவனிக்க வேண்டிய சில காயங்கள்

சேவல் மிதித்துப் பொட்டைக் கோழியின் முதுகும் விலாவும் கிழிவது வீட்டுக்கு வீடு நடப்பது. றெக்கைக்கடியில் இருப்பதால் தெரியாது. எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். சேவலின் கால் நகத்தையும் முள்ளின் கூர் நுனியையும் ரம்பத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஆறும் வரை சேவலைப் பிரித்து வையுங்கள்.

சண்டைச் சேவல் இனம் வளர்ப்பவர்களுக்கு, சுவரேறிக் குதித்து அடித்துக்கொண்ட சேவல்களின் முகக் காயம் பழக்கமான தலைவலி. கொண்டையிலும் முகத்திலும் ரத்தம் அதிகம் வரும், சீக்கிரமும் ஆறும். கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தால் சலைனால் மட்டும் கழுவுங்கள், அயோடின் கண்ணில் பட வேண்டாம்.

கொண்டையிலும் முகத்திலும் பருப் பருவாகப் பொருக்கு வந்தால் அது காயமாக இல்லாமல் கோழி அம்மையாக இருக்கும். கொசு பரப்புகிற நோய். பொருக்கைப் பிய்க்காமல், மற்ற கோழிகளுக்கு அம்மைத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 1932இலிருந்து இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில்தான் கோழிகளுக்கான தடுப்பூசிகளும் தயாராகின்றன. நம் கைக்கெட்டும் தூரம்.

பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு கட்டி இருந்தால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அயோடின் ஆயின்மென்ட் வைத்துக் காஸ் சுற்றுங்கள். கால் முழுக்க வீங்கி நொண்டினால் உள்ளே கெட்டிச் சீழ் இருக்கிறது, பிளேடால் நீங்களே கீற வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது

தீனிப்பை, காற்றுப்பை, குடல் விஷயத்தை மேலே சொன்னேன். அதுபோக, அழுத்தியும் பத்து நிமிடத்தில் நிற்காத ரத்தம், எலும்பு தெரிவது, பூனைக் கடி, நாற்றம், ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்காதது, இவை எதுவாக இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசு கால்நடை மருந்தகம் காலையில் திறந்ததும் போய்விடுவது நல்லது. "கோழிக்கெல்லாமா வந்தீங்க?" என்று வரிசையில் மாடு வைத்திருப்பவர் யாராவது கேட்பார், பொருட்படுத்த வேண்டாம். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் உண்டு. கோழி வளர்ப்பில் பயிற்சியும் ஆலோசனையும் வேண்டுமென்றால் வேலூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது.

முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் இழுத்துக்கொண்டு கிடக்கிற கோழியையும், குடல் கிழிந்ததையும் நாள் கணக்கில் வைத்துப் பார்ப்பது இரக்கமாகாது. மருத்துவரிடம் கேட்டு, வலி நீளாமல் முடித்துவிடுவதே சரி. நாய் குதறிய கோழியையும், மருந்து ஏற்றிய கோழியையும் சமைக்க வேண்டாம்.

கூட்டத்தோடு சேர்ப்பது

சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும். கூடவே வளர்ந்த கோழி என்ற பாசமெல்லாம் அதற்குக் கிடையாது. தோல் முழுக்க மூடி, சிவப்பு மறையும் வரை வெளியே விடாதீர்கள். அதே சமயம் கண் காணாத இடத்தில் மூன்று வாரம் வைத்துவிட்டால் திரும்பி வரும்போது அந்நியமாக நினைத்து எல்லாம் சேர்ந்து அடிக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு அப்புறம், கோழிக் கூடையைக் கவிழ்த்தோ வலைத் தடுப்பு வைத்தோ, மற்ற கோழிகள் பார்க்கிற, ஆனால் அலகு எட்டாத இடத்தில் வையுங்கள். தீனியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போடுங்கள்.

சேர்க்கும் நாளில் பொழுது சாய்ந்து எல்லாம் அடைந்த பிறகு கூண்டுக்குள் விடுங்கள். மறுநாள் காலை கூண்டைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கொத்து சகஜம், ஒரே கோழி விடாமல் துரத்தினால் அந்தத் துரத்துகிற கோழியை இரண்டு நாள் பிடித்து அடைத்து வையுங்கள். முதல் வாரம் தண்ணீர்ப் பாத்திரமும் தீனித் தட்டும் இரண்டிரண்டாக, தள்ளித் தள்ளி வைத்தால் தேறி வந்த கோழி பட்டினி கிடக்காது.